மூன்று லிட்டர் நீர், மூவாயிரம் லிட்டர் காற்று

கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் பேக்கர் என்றொரு சிற்றூர் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸிலிருந்து லாஸ் வேகஸ் போகிற வண்டிகள் டீசல் போடவும், ஆட்கள் இறங்கிக் காலை நீட்டிக்கொள்ளவும் நிற்கிற ஊர். சாலையோரத்தில் 134 அடி உயரத்துக்கு ஒரு வெப்பமானி நிற்கிறது. 1913 ஜூலை 10 அன்று பக்கத்து மரணப் பள்ளத்தாக்கில் பதிவான 134 டிகிரி ஃபாரன்ஹீட் வெப்பத்தின் நினைவாக, டிகிரிக்கு ஓர் அடி என்ற கணக்கில் 1991இல் எழுப்பியது. செல்சியஸில் சொன்னால் 56.7 டிகிரி. ஊரைத் தாண்டி வேகஸ் பக்கம் போகும்போது ஐ-15 நெடுஞ்சாலை ஏறத் தொடங்கிவிடுகிறது. ஹாலரன் உச்சி வரை சுமார் 30 கிலோமீட்டர். அதற்குள் 900 மீட்டருக்கு மேல் உயர்ந்துவிடும். கொண்டை ஊசி வளைவு ஒன்றுகூடக் கிடையாது. பார்வைக்கு அது ஏற்றமென்றே தெரியாது. ஆனால் எஞ்சினுக்கு மூச்சுவிட இடம் கொடுக்காத ஏற்றம். கலிபோர்னியாவின் இப்படிப்பட்ட நீண்ட ஏற்றங்களில், ஏ.சி.யை அணைத்துவிட்டு ஓட்டுங்கள் என்று சாலையிலேயே பலகை வைத்திருக்கிறார்கள்.

ஒரு ஜூலை மாதப் பிற்பகலில் அந்த ஏற்றத்தின் பாதியில் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொடுவதை, ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பார்த்தேன். நண்பரின் மோட்டார் ஹோம் அது. 12 மீட்டர் நீளம், 14 டன் எடை. உள்ளே படுக்கையறை, அடுப்பு மேடை, குளியலறை எல்லாம் உண்டு. எஞ்சின் முன்னால் இல்லை, கடைக்கோடியில், கட்டிலுக்கு அடியில். பின்னாலிருந்து தள்ளுவதால் இந்த வகை வண்டிக்கு டீசல் புஷர் என்று பெயர். நண்பர் பதறவில்லை. ஓரம் கட்டினார், நியூட்ரலில் போட்டு எஞ்சினைக் கொஞ்சம் விரைவாகவே ஓடவிட்டார். சூடேறிய எஞ்சினை உடனே அணைத்தால் பம்பும் ஃபேனும் நின்றுபோகும், உள்ளே தேங்கிய வெப்பத்துக்குப் போக்கிடமே இருக்காது. பத்து நிமிடத்தில் முள் இறங்கியது. பிறகு வண்டியைத் திருப்பி, இறக்கத்திலேயே உருட்டிக்கொண்டு பேக்கருக்கு வந்து சேர்ந்தோம்.

அன்று இரவு ஒரு தாளை எடுத்து வைத்துக் கணக்குப் போட்டேன். 14 டன் எடையை 900 மீட்டர் தூக்க 124 மெகாஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு லிட்டர் டீசலில் இருப்பது சுமார் 36 மெகாஜூல். அதில் எஞ்சின் வேலையாக மாற்றித் தருவது நாற்பது சதவீதம். ஆக, காற்றைக் கிழிக்கவும் டயர் உருளவும் ஆகும் செலவையெல்லாம் தள்ளிவிட்டு, உயரம் ஏறுவதற்கு மட்டும் எட்டரை லிட்டர் டீசல். மீதி அறுபது சதவீதம் என்னவாகிறது? அத்தனையும் வெப்பம். நண்பரின் எஞ்சின் 300 குதிரைத்திறன் கொண்டது, அதாவது 224 கிலோவாட். முழு வேகத்தில் உழைக்கும்போது அதற்குள் எரியும் டீசல் ஏறக்குறைய 560 கிலோவாட். சக்கரத்துக்குப் போனதைக் கழித்தால் 336 கிலோவாட் வெப்பம் வெளியேறியாக வேண்டும். பெரும்பங்கு புகைக்குழாய் வழியாகத் தானே போய்விடும். 110 கிலோவாட் அளவுக்குக் கூலன்ட் எனப்படும் குளிர்விப்பு நீர் சுமந்துகொண்டு வரும். வீட்டுக் குளியலறை கீசர் ஒன்று 2 கிலோவாட். அந்தக் கட்டிலுக்கு அடியில் 55 கீசர்கள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வெப்பத்தை ரேடியேட்டர் வெளியேற்றுகிறது என்று பள்ளியிலேயே படித்துவிட்டோம். அந்தச் சொல்லே நம்மை வழிதவற வைக்கிறது என்பது என் கருத்து. ரேடியேட்டர் என்றால் கதிர்வீசி. ஆனால் ஒரு சதுர மீட்டர் முகப்பு 90 டிகிரியில் இருந்து, சுற்றுப்புறம் 35 டிகிரியில் இருந்தால், கதிர்வீச்சாக அந்த முகப்பிலிருந்து போகும் வெப்பம் ஏறக்குறைய அரை கிலோவாட்தான். நமக்கு வேண்டியது 110. மீதி அத்தனையையும் காற்றுதான் தொட்டு, வாங்கி, தூக்கிக்கொண்டு போகிறது.

நீரின் பங்கைக் குறைத்துச் சொல்லவில்லை. நீர் அருமையான சுமைதூக்கி. நொடிக்கு மூன்று லிட்டர் கூலன்ட் ஓடினால் போதும். ரேடியேட்டருக்குள் நுழைந்து வெளியே வருவதற்குள் 10 டிகிரி இறங்கினால் 110 கிலோவாட்டை இறக்கி வைத்துவிட்டது என்று பொருள். ஆனால் இறக்கி வைப்பது யாரிடம்? அதே வெப்பத்தை வாங்கிக்கொள்ள, நொடிக்கு மூவாயிரம் லிட்டர் காற்று வரவேண்டும். ஒரு டிகிரி சூடேறுவதற்குள் ஒரு லிட்டர் கூலன்ட் கொள்ளும் வெப்பத்தில் மூவாயிரத்தில் ஒரு பங்கைக்கூட ஒரு லிட்டர் காற்று கொள்ளாது. மூன்று மடங்கு அதிகமாகச் சூடேற்றிச் சமாளிக்கிறோம். அப்படியும் ஆயிரம் மடங்கு காற்று தேவைப்படுகிறது. நொடிக்கு மூன்று கன மீட்டர்! ஒரு சிறிய அறையின் காற்று முழுவதும் எட்டு, பத்து நொடியில் ரேடியேட்டரின் முகப்புக்குள் புகுந்து வெளியேற வேண்டும்.

அளவு மட்டுமா, காற்றுக்கு வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் வேகமும் குறைவு. குழாய்க்குள் ஓடும் நீர் உலோகச் சுவரோடு வெப்பம் பரிமாறும் வேகத்தோடு ஒப்பிட்டால், வெளியே காற்று அதே சுவரோடு பரிமாறுவது பல பத்து மடங்கு மந்தம். இந்த மந்தத்தைப் பரப்பால்தான் ஈடுகட்ட வேண்டும். ரேடியேட்டரின் குழாய்களுக்கு இடையே மடித்து மடித்து வைத்திருக்கும் அந்த மெல்லிய தகடுகள், மெக்கானிக்குகள் ஃபின் என்று சொல்பவை, இதற்காகத்தான். ஓர் அங்குலத்தில் பத்துப் பன்னிரண்டு ஃபின் இருக்கும். ஒவ்வொன்றின் தடிமனும் தாளளவு. வில்ஹெல்ம் மேபாக் 1900ஆம் ஆண்டின் இறுதியில், முதல் மெர்சிடிஸ் காருக்காகத் தேன்கூட்டு ரேடியேட்டரை உருவாக்கியபோது கண்டுகொண்டது இதைத்தான். ஆறு மில்லிமீட்டர் சதுரத்தில் 8,070 சிறு குழாய்களை அடுக்கி, இடையில் நீரை ஓடவிட்டு, குழாய்களுக்குள் காற்றைப் புகுத்தினார். அவர் அடுக்கியவை நீருக்கான குழாய்கள் அல்ல, காற்றுக்கான குழாய்கள். நூற்று இருபது ஆண்டுகளுக்கு முன்பே அந்த மனிதர் பிரச்சினையின் நாடியைப் பிடித்துவிட்டார் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

இனி இன்டர்கூலருக்கு வருவோம். சார்ஜ் ஏர் கூலர் என்பதும் இதுவே.

டீசல் எஞ்சினின் வலு அது இழுக்கும் காற்றின் எடையைப் பொறுத்தது. காற்று கூடினால் கூடுதல் டீசலை எரிக்கலாம். வீணாகப் போகும் புகையின் விசையால் ஒரு சக்கரத்தைச் சுற்றவிட்டு, அதைக்கொண்டே உள்ளே போகும் காற்றை அமுக்கிச் செலுத்தலாம் என்று சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூச்சி 1905இல் காப்புரிமை பெற்றார். அது கப்பலேற இருபது ஆண்டுக்கு மேல் ஆனது. 1920களின் நடுவில் இரண்டு ஜெர்மன் பயணிகள் கப்பல்களில் டர்போ எனப்படும் இந்த அமைப்பைப் பொருத்தியபோது 1,750 குதிரைத்திறன் எஞ்சின்கள் 2,500 தந்தன.

ஆனால் காற்றை அமுக்கினால் சூடேறும். சைக்கிள் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். முப்பது டிகிரிக் காற்றை மூன்று மடங்கு அழுத்தத்துக்கு டர்போ அமுக்கினால், அதன் குறைபாடுகளையும் சேர்த்து, வெளியே வருவது 180 டிகிரிக் காற்று. சூடான காற்று விரிந்த காற்று. அமுக்கியதில் பாதி பலன் அங்கேயே போய்விடும். அதை 50 டிகிரிக்குக் குளிரவைத்தால், அதே அழுத்தத்தில் அதே இடத்துக்குள் 1.4 மடங்கு காற்று அடங்கும். இந்த வேலைக்குத்தான் இன்டர்கூலர். நண்பரின் எஞ்சினில் அது வெளியேற்ற வேண்டிய வெப்பம் சுமார் 40 கிலோவாட். அதையும் வாங்கிக்கொள்ள வேண்டியது அதே மூவாயிரம் லிட்டர் காற்றுதான்.

இரண்டுக்கும் ஒரே காற்று என்றால் யாருக்கு முதல் உரிமை? ரேடியேட்டருக்குள் ஓடுவது 95 டிகிரி நீர். 47 டிகிரிக் காற்று வந்தாலும் அதற்குக் குளிர்ச்சிதான். இன்டர்கூலர் எட்ட வேண்டிய இலக்கோ 50 டிகிரி. அதற்கு 35 டிகிரிக் காற்று வேண்டும். அதனால் இன்டர்கூலரை முன்னால் வைத்து, அதன் வழியாக வந்து 12 டிகிரி சூடேறிய காற்றை ரேடியேட்டருக்குக் கொடுக்கிறார்கள். கணக்கு பிசகில்லாதது. ஆனால் முன்னால் நிற்பவன்தான் தூசியையும் முதலில் வாங்குவான்.

கார், லாரிகளில் இந்த அடுக்கு வண்டியின் முகத்தில் இருக்கும். ஓடும் வேகமே காற்றைக் கொண்டுவந்து கொட்டும். நண்பரின் வண்டியில் அது பின்முகத்தில் இருந்தது. எஞ்சின், அதற்குப் பின்னால் ஃபேன், அதற்குப் பின்னால் இன்டர்கூலர், எல்லாவற்றுக்கும் கடைசியில் ரேடியேட்டர். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போனாலும் அதனால் ஒரு துளிக் காற்று கூடுதலாகக் கிடைக்காது. ஃபேன் வண்டிக்கு அடியிலிருந்து உறிஞ்சித் தள்ளுவதுதான் எல்லாம். பக்கவாட்டில் ரேடியேட்டர் வைத்த விலை கூடிய வண்டிகளும் உண்டு, அவற்றின் கதை வேறு. இதிலோ ஃபேன் இழுப்பது சாலையின் சூட்டையும் எஞ்சினின் சூட்டையும் வாங்கிய, புழுதி நிறைந்த காற்று.

பார்ஸ்டோ ஊர்ப் பக்கம் ஒரு பட்டறைக்கு வண்டியைக் கொண்டு போனோம். மெக்கானிக் வயதானவர், அளந்து பேசுபவர். நாங்கள் வண்டியின் பின்பக்கம் குனிந்து ரேடியேட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பளிச்சென்று வெள்ளியாக இருந்தது. நண்பர் மாதம் தவறாமல் தண்ணீர் அடித்துக் கழுவுவார். மெக்கானிக் எங்களை உள்ளே கூப்பிட்டார். கட்டில் பலகையைத் தூக்கி, எஞ்சினின் மூடியைத் திறந்து, ஒரு டார்ச்சை என் கையில் கொடுத்து ஃபேன் இறக்கைகளுக்கு நடுவே பார்க்கச் சொன்னார்.

இன்டர்கூலரின் முகம் தெரியவில்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புக் கம்பளி ஒன்று விரித்திருந்தது. கையை நீட்டி விரலால் அழுத்தினேன், மெத்தென்று உள்ளே போனது. விரலை எடுத்தபோது குழி அப்படியே நின்றது. பிய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் அதில் மணல், புல்லின் சருகு, பூச்சி இறக்கை, ஒரு நாயின் முடி. எல்லாவற்றையும் ஒட்டவைத்திருந்தது எண்ணெய்.

அந்த எண்ணெய் எங்கிருந்து வந்தது? பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள் எவ்வளவு நன்றாக இருந்தாலும், எரிந்த வாயு கொஞ்சம் கீழே கசிந்து எஞ்சினின் அடிப்பெட்டிக்குள் இறங்கும். அதை வெளியே விடாவிட்டால் அழுத்தம் ஏறி, எண்ணெய் சீல்கள் பிதுங்கிவிடும். அதற்காக ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள், பிரீதர் என்று பெயர். அந்த வாயுவோடு எண்ணெய்த் திவலையும் வரும். பழைய டீசல் எஞ்சின்களில் அந்தக் குழாய் எஞ்சினை ஒட்டிக் கீழே இறங்கி, திறந்தவெளியில் முடியும். முன்னால் எஞ்சின் உள்ள லாரியில் அது சாலையில் சொட்டிவிட்டுப் போகும், யாருக்கும் தொந்தரவு இல்லை. அதே எஞ்சினைத் தூக்கிப் பின்னால் வைத்து, ஃபேனை அதற்கும் பின்னால் வைத்தால், பிரீதரின் வாய் ஃபேன் உறிஞ்சும் பாதையில் வந்து நிற்கிறது. ஒரு நாளுக்குச் சில சொட்டுதான். ஃபேன் அதைப் பொடிப்பொடியாகச் சிதறடித்து இன்டர்கூலரின் மேல் பூசும். பூசிய இடத்தில் புழுதி ஒட்டும். நண்பர் இத்தனை ஆண்டும் பின்னாலிருந்து அடித்த தண்ணீர், அந்தப் புழுதியை இறுக்கித்தான் வைத்திருக்கிறது.

இதைச் சுத்தம் செய்தால் போதாதா? பல வண்டிகளுக்குப் போதும். ஃபேன் இருக்கும் பக்கத்திலிருந்து, அலுமினியத்தை அரிக்காத சோப்பை ஊறவைத்து, அழுத்தம் குறைந்த தண்ணீரில் கழுவ வேண்டும். காரம் மிகுந்த கிரீஸ் நீக்கிகள் அலுமினியத்தையே கரைக்கும். பிரஷர் வாஷரைக் கிட்டே பிடித்தால் ஃபின்கள் மடிந்து மொத்தமாக அடைத்துக்கொள்ளும். ஆனால் மெக்கானிக் இன்டர்கூலரின் இரு வாயையும் அடைத்து 30 பி.எஸ்.ஐ. காற்றை ஏற்றியபோது, அளவுமானியின் முள் கண்ணெதிரே சரிந்தது. மயிரிழைக் கசிவை இன்டர்கூலரில் பொறுத்துக்கொள்வார்கள், இது அந்த வகை இல்லை. குழாய்கள் ஓரச் சட்டத்தோடு சேருமிடத்தில் விரிசல். அலுமினியம் ஒரு மீட்டர் நீளத்துக்கு 150 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய மூன்றரை மில்லிமீட்டர் நீளும். ஒவ்வோர் ஏற்றத்திலும் நீண்டு, ஒவ்வோர் இறக்கத்திலும் சுருங்கி, பல ஆயிரம் தடவை இழுபட்ட பற்றாசு இணைப்பு அது. அடைப்பினால் வழக்கத்துக்கு மேல் சூடேறியது அந்த இழுபறியை இன்னும் கூட்டியிருக்கும். கடைசி ஓராண்டாக ஏற்றத்தில் கறும்புகை வருகிறது என்று நண்பர் சொல்லிக்கொண்டிருந்ததன் காரணமும் கிடைத்துவிட்டது. டர்போ அமுக்கிய காற்று பாதி வழியில் கசிந்து, எரிய ஆக்ஸிஜன் கிடைக்காத டீசல் புகையாகப் போயிருக்கிறது.

ரேடியேட்டரின் கீழ் டேங்கின் மடிப்பிலும் ஈரம் தெரிந்தது. இந்த வகை வண்டியில் இரண்டையும் சேர்த்தே மாற்றுவதுதான் சரி என்பேன். உள்ளே போய்ச் சேருவதுதான் வேலையின் பெரும்பகுதி. ஒன்றுக்காகப் போனவர் மற்றதற்காக அடுத்த ஆண்டும் போவதில் பொருளில்லை. கியர்பாக்ஸ் எண்ணெயைக் குளிர்விக்கும் பகுதியும் பல வண்டிகளில் ரேடியேட்டரின் டேங்குக்குள்ளேயே இருக்கிறது. அங்கே ஓட்டை விழுந்து கூலன்ட் கியர் எண்ணெயோடு கலந்தால், கூலன்டிலுள்ள கிளைக்கால் என்னும் வேதிப்பொருள் ஆட்டோமேடிக் கியர்பாக்ஸின் கிளட்ச் தகடுகளைக் கெடுத்துவிடும். ரேடியேட்டரின் விலையைப்போலப் பல மடங்கு செலவு அது.

கழற்றுவதற்கு இரண்டு நாள் ஆனது. முதலில் வண்டியைத் தூக்கி, சட்டத்துக்கு அடியில் இரும்புத் தாங்கிகளை நிறுத்தினார்கள். இந்த வண்டிகள் காற்றுப் பைகளின் மேல் நிற்பவை. ஒரு குழாய் கழன்றாலோ வால்வு திறந்தாலோ 14 டன்னும் சட்டென்று கீழே உட்காரும். காற்றுப் பையை மட்டும் நம்பி அடியில் படுத்தவர்கள் உயிரிழந்திருக்கிறார்கள். தாங்கி நிறுத்தாமல் யாரும் தலையை நுழைக்கக்கூடாது. அடுத்து கூலன்ட் வடிப்பு. 40 லிட்டருக்கு மேல் பச்சை நீர். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், ஆனால் விஷம். தரையில் தேங்கினால் நாயும் பூனையும் நக்கிவிடும். ஒரு சொட்டும் சிந்தாமல் பீப்பாயில் பிடித்தார்கள். பிறகு ஹோஸ்கள், ஃபேன், அதைச் சுற்றிய கூண்டு, எண்ணெய்க் குழாய்கள். எஞ்சினுக்குப் போகும் ஒவ்வொரு திறந்த வாயையும் மெக்கானிக் துணியாலும் டேப்பாலும் மூடிக்கொண்டே வந்தார். டர்போவுக்கு அப்புறம் விழுகிற ஒரு சின்ன நட்டு நேராக சிலிண்டருக்குத்தான் போகும்.

அடுக்கை மொத்தமாகக் கீழே இறக்கி, தள்ளுவண்டியில் வெளியே கொண்டுவந்து, இன்டர்கூலரையும் ரேடியேட்டரையும் பிரித்தார்கள். இரண்டுக்கும் நடுவிலிருந்து ஒரு பாய்போல, ஓரங்குலத் தடிமனில், புழுதிப் படலம் ஒரே துண்டாக உரிந்து விழுந்தது. முன்னாலிருந்தும் பார்க்க முடியாத, பின்னாலிருந்தும் பார்க்க முடியாத இடம். இன்டர்கூலரின் அகன்ற இடைவெளிகளில் புகுந்து தப்பியதெல்லாம் ரேடியேட்டரின் நெருக்கமான ஃபின்களில் சிக்கி நின்றிருந்தது. நண்பர் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

புதியவை இரண்டும் அலுமினியம். இவற்றை ஒவ்வோர் இணைப்பாகப் பற்றவைப்பதில்லை. குழாயின் மேல்தோலாகச் சிலிக்கன் கலந்த அலுமினியத்தைப் பூசி, எல்லாவற்றையும் அடுக்கிக் கட்டி, நைட்ரஜன் நிரப்பிய உலைக்குள் அனுப்புகிறார்கள். அந்த மேல்தோல் 577 டிகிரியில் உருகத் தொடங்கும், உள்ளிருக்கும் அலுமினியம் உருகாது. உலையிலிருந்து வெளியே வரும்போது ஆயிரக்கணக்கான இணைப்புகள் ஒரே மூச்சில் ஒட்டியிருக்கும்.

பொருத்தும்போது மெக்கானிக் அதிக நேரம் செலவிட்டது ஒரு ஸ்பாஞ்ச் பட்டையில். இரண்டு கூலர்களுக்கும் நடுவே, கூண்டின் ஓரங்களில், விரல் நுழையும் சந்து இல்லாமல் அதை ஒட்டிக்கொண்டே வந்தார். காற்று சோம்பேறி, எங்கே சுலபமோ அங்கே போகும் என்றார். ஓரத்தில் சந்து இருந்தால் ஃபேன் தள்ளும் காற்று ஃபின்களுக்குள் நுழையாமல் அந்தச் சந்தில் தப்பிவிடும். வெளியேறிய சூடான காற்று அதே வழியாகச் சுற்றிவந்து மறுபடி உள்ளே நுழையும். புது ரேடியேட்டர் போட்டும் சூடு குறையவில்லை என்று வருகிற வண்டிகளில் அவர் முதலில் தேடுவது இதைத்தானாம்.

கூலன்டை மெதுவாக ஊற்றி, தெர்மோஸ்டாட் திறக்கும் வரை ஓடவிட்டு, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றி, மறுபடி நிரப்பினார்கள். மூடியை இறுக்கினார்கள். அந்த மூடி 15 பி.எஸ்.ஐ. அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. சூட்டில் அதைத் திறந்தால் அழுத்தம் விட்டுப்போய், நீரில் ஒரு பகுதி ஒரே நொடியில் ஆவியாகி, கொதிநீரையும் சேர்த்துக்கொண்டு சீறும். முகம் வெந்தவர்களின் கதை எல்லாப் பட்டறையிலும் உண்டு.

கடைசி வேலையைக் கால் மணி நேரத்தில் முடித்தார். பிரீதர் குழாயோடு ஓர் எண்ணெய் தாங்கும் ரப்பர் ஹோஸை இணைத்து, ஃபேனைத் தாண்டி, ரேடியேட்டரைத் தாண்டி, வண்டியின் பின்விளிம்பு வரை இழுத்து, நுனியில் சிறிய உலோகப் புட்டியொன்றைத் தொங்கவிட்டார். ஹோஸ் எங்கும் தொய்ந்து நிற்காதபடி சரிவாகக் கட்டினார். தொய்ந்த இடத்தில் நீர் தேங்கிக் குளிரில் உறைந்தால் குழாய் அடைத்துக்கொள்ளும்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி பேக்கர். வெப்பமானி 111 காட்டியது, செல்சியஸில் 44. நண்பர் ஏ.சி.யை அணைக்கவில்லை. லாரிகளின் வரிசைக்குப் பின்னால் மூன்றாம் கியரிலும் நான்காம் கியரிலுமாக ஏறினோம். முள் நடுவைக் கொஞ்சம் தாண்டியது, ஃபேனின் இரைச்சல் கூடியது, முள் திரும்பி வந்தது. கறும்புகை இல்லை. ஹாலரன் உச்சியில் நிறுத்தி, இருவரும் வண்டியின் பின்னால் போய்க் குனிந்தோம். நண்பர் புட்டியைக் கழற்றி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். அடியில் அரை விரல் அளவுக்குக் கறுப்பு எண்ணெய் தேங்கியிருந்தது.